‘நாய்ஸ் ஃபில்டர்’ என்று சொன்னால் காசு கொடுக்காதீர்கள்: ரயில் மாடல் வைத்திருப்போர் கவனத்துக்கு

காரைக்குடியில் ரயில் மாடல் வேலை பார்க்கும் ஒரு கடையில், மோட்டார் சத்தம் குறைக்க மூன்று சாமான்கள் கொடுக்கப்பட்டன: பாம்பன் தூக்குப் பாலம், காற்றாலை, கிரேன். ஒன்றுக்கு 600 ரூபாய் வீதம் 1,800 ரூபாய். பில் கிடையாது. திரும்பி வந்தவை முன்பைவிட அதிகமாகக் கத்தின. “ஓட ஓடச் சரியாப் போகும்ணே” என்பதோடு கடைக்காரர் முடித்துக்கொண்டார். புதுக் கியர் ஓடினால் கொஞ்சம் படியும், அது உண்மைதான். ஆனால் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது வேறு.

மோட்டார் முனைகளில் கறுப்பு ஸ்லீவ் போட்டு மூடிப் பற்றவைத்திருந்ததற்குப் பெயர் ‘நாய்ஸ் ஃபில்டர்’. ஸ்லீவைக் கிழித்தால் ஒரு 104 கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். ஒன்றிரண்டு ரூபாய்ச் சாமான். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் தொடுமுனையான பிரஷ்ஷில் பறக்கும் பொறியால் பக்கத்து ரேடியோ கரகரப்பதை அது குறைக்கும். காதில் விழும் சத்தத்தை அது தொடவே தொடாது. இரண்டுக்கும் நாய்ஸ் என்றே சொல்வதால் இந்தப் பித்தலாட்டம் எடுபடுகிறது.

அடுத்தது கிரீஸ். வண்டிக்கு அப்பும் கிரீஸைக் கியர் பெட்டி கொள்ளுமட்டும் அடைத்திருந்தார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சில பிளாஸ்டிக்குகளில் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விழும். மோட்டாருக்குள் கசிந்தால் கரித்தூளோடு குழைந்து பிரஷ்ஷைக் கெடுக்கும். கியர்ப் பல்லுக்குச் சிலிகான் கிரீஸ், பூசினாற்போல் போதும். மோட்டார் புஷ்ஷுக்கு, அதாவது தண்டு சுழலும் வளையத்துக்கு, தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு, பொருத்திய விதம். மோட்டாருக்கு அடியில் ஃபோம் வைத்துவிட்டு, அதைத் துளைத்து நாலு திருகாணியைப் பலகையில் இறுக்கியிருந்தார்கள். அதிர்வு திருகாணி வழியாகவே இறங்கிவிடும். 12 மி.மீ. ப்ளைவுட் வீணைக் குடம் மாதிரி, சின்ன அதிர்வையும் பெரிதாக்கிக் காட்டும். செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், மாடல் மேசை போட்டிருந்தால் இன்னும் மோசம். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு. சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒரு துணிகூட இருக்காது.

சாமானைக் கொடுக்குமுன் நீங்களே சோதியுங்கள். பலகையிலிருந்து கழற்றி, ஓடவிட்டபடியே கையில் தூக்குங்கள். சத்தம் சட்டென்று விழுந்தால் கோளாறு பொருத்தியதில். விழாவிட்டால் கியரிலோ மோட்டாரிலோ.

பொருத்தியதில் என்றால், 5 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் வைத்து, இருபக்க ஃபோம் டேப்பால் மட்டும் ஒட்டுங்கள். திருகாணி இல்லாமல் நிற்காது என்றால் துளையைப் பெரிதாக்கி ரப்பர் குரோமெட் (துளைக்குள் உட்காரும் ரப்பர் வளையம்) போட்டு, நைலான் வாஷரோடு விரலால் திருகும் அளவுக்கே இறுக்குங்கள். ரப்பர் நசுங்கினால் போட்ட பலன் போச்சு. வயரும் விறைப்பாக இருக்கக் கூடாது. மேசைக் காலடியில் பழைய டியூப் துண்டுகளை மடித்து வையுங்கள்.

கியரில் என்றால், பல்லிடுக்கு இறுகினால் கீச்சிடும், தளர்ந்தால் கடகடக்கும். இரண்டு கியருக்கும் நடுவே சாதாரண எழுதும் தாளில் ஒரு துண்டைச் செருகி, அழுத்திப் பிடித்துத் திருகாணியை முடுக்கிவிட்டுத் தாளை உருவுங்கள். தேவையான இடைவெளி அதுதான். மோட்டார் தண்டையும் கியர் தண்டையும் நேராக இணைக்காமல் சைக்கிள் வால்வு டியூப் துண்டால் இணைத்தால் அதிர்வு கொஞ்சம் அங்கேயே நின்றுவிடும். அதன்மேல் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் ஊறிப்போகும்.

பாலத்தில் இருந்தது 3 முதல் 6 வோல்ட் வரை தாங்கும் மஞ்சள் பி.ஓ. மோட்டார், பேட்டரியில் ஓடும் சின்ன கியர் மோட்டார். அதற்கு 12 வோல்ட் கொடுத்து, வேகம் குறைக்க, மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விட்டுவிட்டுக் கொடுக்கும் மலிவான பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் மாட்டியிருந்தார்கள். அதன் துடிப்பே காதுக்குக் கேட்கும் அலைவரிசையில் இருந்ததால் மோட்டார் ‘ஞொய்’ என்று பாடியது. வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் எல்.எம். 2596 பக் கன்வெர்ட்டரில் 3 வோல்ட் வைத்தால் அந்தப் பாட்டே இல்லை. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தை ஆட்கள் கையால்தான் இயக்கித் தூக்கினார்கள். மாடலும் மெல்ல எழுந்தால்தான் பார்க்க அழகு.

ஏற்கெனவே கிரீஸ் அப்பி வந்திருந்தால் பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒருநாள் நிழலில் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.