ஹைபிரிட் மாநாட்டுக்கு எது தோது: யூடியூப் லைவா, ஜூம் வெபினாரா, எல்லாம் அடங்கிய தளமா?

அரங்கில் இருநூறு பேர், வீட்டிலிருந்து இன்னொரு முந்நூறு பேர் என்று ஒரு மாநாடு போட நினைத்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். அதைவிட முக்கியம், வீட்டில் இருப்பவர் கேள்வி கேட்டால் மேடையில் இருப்பவர் காதுக்கு அது போய்ச் சேருமா, எத்தனை நொடியில் சேரும் என்பது. அதை வைத்தே இந்த மூன்றையும் பார்க்கிறேன்.

செலவு என்று வந்தால் யூடியூப் லைவோடு யாரும் போட்டி போட முடியாது. கேமராப் படத்தை யூடியூபுக்கு அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள் இலவசம், ஒரு கேமரா, ஒரு லேப்டாப், 720பி தரத்துக்கு நிலையாக ஐந்தாறு எம்பிபிஎஸ் அப்லோட் வேகம், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு லிங்க் இருந்தால் போதும். (புது சேனலில் லைவ் வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், மாநாட்டன்று காலையில் போய் அதைத் திறக்காதீர்கள்.) சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் சில நொடிகள் பின்தங்கித்தான் பார்க்கிறார், அப்புறம் சாட்டில் டைப் செய்து, தொகுப்பாளர் அதைப் போனில் பார்த்து வாசிப்பதற்குள் பேச்சாளர் இரண்டு ஸ்லைடு தாண்டியிருப்பார். தாமதத்தைக் குறைக்கும் செட்டிங் உண்டு, ஆனால் நெட் லேசாகத் தடுமாறினாலும் படம் நின்று நின்று வரும். தொடக்க விழாவுக்கு இது தாராளமாகப் போதும். விவாதத்துக்கு ஆகாது.

ஜூம் வெபினார் அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. பார்வையாளர் கை தூக்கினால் நீங்கள் அனுமதித்த பிறகே அவர் மைக் திறக்கும், அதனால் யார் வீட்டுக் குக்கர் விசிலும் அரங்கில் கேட்காது. சாதாரண ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடம், 100 பேரோடு நின்றுவிடும், வெபினாருக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஆனால் சாஃப்ட்வேர் எதுவானாலும் ஒலியை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். லேப்டாப் மைக்கை அரங்கத்து ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்தால் வீட்டில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். அரங்கத்து மைக்குகள் எல்லாம் போய்ச் சேரும் மிக்சரில் ஆக்ஸ் அவுட் என்று தனி ஒலி வெளியீடு இருக்கும், அதிலிருந்து யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மிக்சரின் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி) வழியாக லேப்டாப்புக்கு ஒலி கொடுங்கள், அந்த ஆக்ஸில் ஜூமிலிருந்து வரும் குரலை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். இதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பெயர். இதைச் செய்யாவிட்டால் வெளியூர்ப் பேச்சாளருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

மூன்றாவது, டிக்கெட், நுழைவாயில் க்யூஆர், ஒரே நேரத்தில் பல அமர்வுகள், ஸ்பான்சர் ஸ்டால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் தளங்கள். பெங்களூரில் தொடங்கிய ஏர்மீட்டில் மெய்நிகர் மேசைகளில் உட்கார்ந்து அரட்டையே அடிக்கலாம். டெமோவில் எல்லாம் பளபளப்பாக இருக்கும். ஆனால் இந்தத் துறை எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதற்கு இதே மாதிரித் தளம் நடத்திய ஹாப்பின் ஒன்று போதும்: 2021 ஆகஸ்டில் 775 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட நிறுவனம், இரண்டே வருடத்தில் தன் நிகழ்ச்சித் தளத்தை ரிங்சென்ட்ரல் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது, அதுவும் அதிகபட்சம் 5 கோடி டாலருக்கு.

இந்த மூன்றையும் விட்டுச் சொந்தமாகத் தளம் நிறுவியவர்களும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற மென்பொருள் மாநாடு 2021இல் முழுக்க ஆன்லைனுக்குப் போனபோது, அரட்டைக்கு மேட்ரிக்ஸ், வீடியோ அழைப்புக்கு ஜிட்சி என்று திறமூல (யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவக்கூடிய) மென்பொருள்களையே நம்பியது. உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து வாங்கி ஓடவிட்டு, கேள்வி-பதிலை மட்டும் நேரலையில் வைத்தார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் சொந்தமாக நிறுவும் வேலையில் இறங்க வேண்டாம், ஆனால் அந்த முன்பதிவு யோசனையை வெளியூர்ப் பேச்சாளர்களுக்குக் கண்டிப்பாகச் சுடலாம்.

ஒரே அரங்கு, ஐந்நூறு பேர் என்றால் என் ஓட்டு ஜூம் வெபினாருக்கு. அதையே யூடியூபுக்கும் திருப்பிவிடுங்கள், சும்மா பார்ப்பவர்கள் அங்கே போய்விடுவார்கள். மிச்சப்படும் காசை நல்ல சவுண்ட்காரருக்குக் கொடுங்கள். நாலைந்து அரங்குகள், ஸ்பான்சர்கள் என்று விரிந்தால்தான் மூன்றாவது வகை, அதிலும் பணம் கட்டும் முன்பே பதிவுப் பட்டியலை சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் கோப்பாக) இறக்க முடியுமா, வீடியோ எத்தனை மாதம் அவர்கள் சர்வரில் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.