பெரிய எழுத்தில் பெயர் இருந்தால் அது நீங்கள் இல்லையாம்: 2,400 டொலர் போச்சு

2,400 டொலர். நாலு வருட வரிக்கு, வருடத்துக்கு 600 வீதம், ரசீது இல்லாமல் கைக்காசு. ஆளின் பெயர் எழுதவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் கூட்டம் வைத்து ‘கட்டின வரியைத் திருப்பி எடுத்துத் தாறன்’ என்கிற ஆள்.

சின் (சமூகக் காப்புறுதி இலக்கம்) கடிதம், லைசென்ஸ், பாங்க் கார்ட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்வார். “பேர் முழுக்க இங்கிலீசுப் பெரிய எழுத்தில கிடக்கே அண்ணை? அது நீங்கள் இல்லை, அரசாங்கம் உங்கட பேரில திறந்த கம்பனி. சம்பளம் கம்பனிக்கு. நீங்கள் அதின்ர ஏஜண்ட்.” பார்த்தால் உண்மையாகவே பெரிய எழுத்துத்தான். விழுந்தது அந்த இடத்தில். ஊர்ப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருக்கிறது, தமிழில் பெரிய எழுத்து ஏது, பிறகு கம்பனி எங்கே என்று அந்த மேசையில் கேட்க ஒரு நாக்கும் எழும்பவில்லை.

படிவ வேலை இப்படி. ரீ4, அதாவது வேலைத்தலம் தரும் சம்பளப் பத்திரம், அதில் கை வைக்க மாட்டார். பக்கத்தில் ரீ2125, அதாவது சுயதொழில் படிவம், இல்லாத தொழிலுக்கு. அதில் ‘முதலாளிக்குக் கொடுத்தது’ என்று லட்சக்கணக்கில் செலவு. அந்த நட்டம் இந்த வருடச் சம்பளத்தை விழுங்கும். மிச்சத்தை ரீ1ஏ படிவம் போட்டு முந்தின மூன்று வருடத்துக்கும் தள்ளுவார். அந்த நாலு வருடக் கணக்குத்தான் 2,400. கையொப்பத்துக்கு முன்னால் ‘பெர்’, அதாவது ‘கம்பனிக்காக’, என்று எழுதச் சொல்வார். தயாரித்தவர் விபரம் போடும் பெட்டியோ வெறுமை. காசு வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டியை வெறுமையாக விடுகிறவர் தப்பிப்போக வழி வைத்துத்தான் எழுதுகிறார்.

பணம் வரவில்லை, கனடா வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.இடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. “திறக்காதேங்கோ, மறுக்கிறன் எண்டு எழுதித் திருப்பி அனுப்புங்கோ.” அடுத்த கடிதத்துக்கு, “நீல மையில கையொப்பம் வைச்சிருப்பியள், அதான் பிழைச்சது.” பிறகு, “கூட்டத்தில இருக்கிறன்.” பிறகு போனே இல்லை. 2,400ஐக் கேட்டால், “அது படிப்புச் செலவு” என்று ஒரு மெசேஜ்.

இதுக்கு மேல்தான் உண்மையான அடி. வருமானவரிச் சட்டம் 163(2): பொய்க் கணக்கால் குறைக்கப் பார்த்த வரியில் 50 வீதம் தண்டம். ஒரு சதம் திரும்பி வராவிட்டாலும் தண்டம் விழும், வட்டி நாளாந்தம் ஏறும். ‘அவர் எழுதினார், நான் கையொப்பம் மட்டும் வைத்தேன்’ என்பது எடுபடாது. 2013இல் தொரெஸ் வழக்கில் வரி நீதிமன்றம் இதே மாதிரிப் படிவங்களைப் பார்த்து, கையொப்பம் வைத்தவர்கள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று தண்டத்தை உறுதி செய்தது. நீங்கள் ஒரு ஆள், பெரிய எழுத்துப் பெயர் இன்னொரு ஆள் என்ற கதையை 2012இலேயே ஆல்பர்ட்டாவில், மீட்ஸ் விவாகரத்து வழக்கில், நீதிபதி ரூக் பிரித்துப் போட்டுவிட்டார். தீர்ப்பு 700 பத்திக்கு மேல். கூட்டத்தில் அதைப் பற்றி மூச்சு இல்லை.

அவசரமாகச் சொல்வது: கடிதத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள், வரி மதிப்பீட்டுக் கடிதம் என்றால் ஆட்சேபணைக்கு 90 நாள் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். சி.ஆர்.ஏ. இன்னும் தொடவில்லை என்றால் இன்றைக்கே ஒரு வரி வழக்கறிஞரிடம் போய், தானாக முன்வந்து திருத்தும் வழியைக் கேளுங்கள். அவர்கள் தொடங்கிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியாச்சு. கையொப்பம் வைக்கும் முன் ரீ2125 கிடக்கிறதா என்று பாருங்கள். தொழில் இல்லாதவருக்கு அந்தத் தாள் எதற்கு?



அடுத்த சனிக்கிழமையும் கூட்டம் இருக்காம்.