முதல் வகுப்பு: ஐந்து வயதிலா, ஆறு வயதிலா?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பில் இடம் உண்டு. கேந்திரிய வித்யாலயாவில் 2022 முதல் மார்ச் 31 அன்று ஆறு நிறைந்திருக்க வேண்டும்.

ஐந்தில் சேரும் பிள்ளை பேச்சிலும் கதை கேட்பதிலும் சிரமப்படாது. இடறுவது எழுத்தில்தான். விரல் தசைகள் உறுதிப்படுவதற்குள் கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக ண, ன, ற, ர எழுதச் சொன்னால் பென்சிலை முஷ்டியால் பிடிக்கும். அந்தப் பிடி பின்னாளில் மாறுவது கடினம். ஜூலையில் பிறந்த பிள்ளை, முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரும். இடைவெளி ஏறத்தாழ ஒரு வருடம், அதாவது சின்னப் பிள்ளையின் வயதில் ஐந்தில் ஒரு பங்கு. இதை மறந்து "மந்தம்" என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வரம்பாகக் கொண்ட மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்ற முடிவு அதிகம் சொல்லப்பட்டதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆறில் சேர்த்தால் உட்காரும் பொறுமையும் கைப்பிடியும் கூடியிருக்கும். நியூசிலாந்து ஆய்வொன்றில், ஐந்திலும் ஏழிலும் வாசிக்கத் தொடங்கியவர்களிடையே பதினோரு வயதில் வாசிப்புத் திறனில் வேறுபாடு இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம் டிவி முன்னால் கழிந்தால் பலன் இல்லை. களிமண், மணி கோத்தல், பாட்டு, பிற பிள்ளைகளோடு விளையாட்டு வேண்டும், அங்கன்வாடியே போதும்.

மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைக்கு ஆறையே பரிந்துரைப்போம். ஐந்தில் சேர்த்தே ஆகவேண்டுமென்றால், வீட்டில் எழுத்துப் பயிற்சி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சிறிய சாக்பீஸ் துண்டு கொடுங்கள், விரல் நுனியால்தான் பிடிக்க முடியும்.