ரங்கனதிட்டா, பிச்சாவரமா: குழுவாகப் போய்ப் பறவை பார்க்க எந்தப் படகு?

படகில் போய்ப் பறவை பார்க்கலாம் என்று குழுவில் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் அடிபடும்: ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்து ரங்கனதிட்டு, சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம். வேடந்தாங்கலில் படகு கிடையாது, கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். ரங்கனதிட்டு, பிச்சாவரம் இரண்டுக்கும் காவிரி சொந்தம்தான். ரங்கனதிட்டு காவிரிக்கு நடுவிலேயே இருக்கிறது. பிச்சாவரம், காவிரியின் கிளையான கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே உள்ள அலையாத்திக் காடு. 2022இல் இரண்டுமே, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

புதியவர்கள் அதிகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரங்கனதிட்டுதான். 1640களில் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் உருவான திட்டுகள் அவை. பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி, 1940இல் சரணாலயம் ஆனது. அங்கே பறவையைத் தேடவே வேண்டாம், கூடுகள் கண்ணெதிரிலேயே இருக்கும். துடுப்பை நிறுத்தியதும் படகு தானாக மிதந்து திட்டை ஒட்டிப் போகும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டு நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுப்பதை ஒரு தடவை பார்த்தவர் அடுத்த பயணத்துக்குத் தாமாகவே பெயர் கொடுப்பார். பாறையில் வாய் பிளந்து கிடக்கும் முதலைகளும் உண்டு. அதனால் தண்ணீரில் கை விடக் கூடாது.

குறையும் இருக்கிறது. பொதுப்படகில் கூட்டம், சத்தம், நேரமும் குறைவு. கேமராக்காரர்கள் இருந்தால் தனிப்படகு எடுப்பதே நல்லது. பிப்ரவரி முதல் மே வரை போகலாம். மழைக்காலத்தில் மேலே உள்ள கிருஷ்ணராஜசாகர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் படகு ஓடாது.

பிச்சாவரம் வேறு மாதிரி. சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் வேர்களுக்கு நடுவே குறுகிய கால்வாய்கள். பறவை தானாக வந்து நிற்காது, கண்டுபிடிக்க வேண்டும். முதலில் குரல் கேட்கும், அப்புறம் கிளை அசையும், அதற்குப் பிறகுதான் வக்கா என்னும் இராக்கொக்கின் சிவந்த கண் தெரியும். குளிர்காலத்தில் கருந்தலை மீன்கொத்தி வரும். நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் இறங்கும். எண்ணிக்கையில் ரங்கனதிட்டுக்கு ஈடில்லை. ஆனால் ஓரளவு பழகியவர்களுக்கு எனக்குப் பிடித்தது இதுதான், இங்கேதான் காது பழகும்.

இங்கே விசைப்படகு வேண்டவே வேண்டாம். இன்ஜின் சத்தத்தில் எல்லாம் பறந்துவிடும், குறுகிய கால்வாய்க்குள்ளும் அது நுழையாது. துடுப்புப் படகில் நான்கைந்து பேர்தான் ஏற முடியும். ஆகவே பெரிய குழுவைப் பிரித்து, படகுக்கு ஒரு பழகிய ஆளாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் புயல் பயம் உண்டு. ஜனவரி, பிப்ரவரி காலை நேரம் சரியாக இருக்கும்.