மூணு வருஷக் கொசுவலை: விரிக்க ரெண்டு நொடி, மடிக்க?

போன வாரம் லாங் பஜார் பக்கம் கொடுத்து, கொசுவலைக்கு ஜிப் மாற்றினேன். 80 ரூபாய். மூன்று வருஷத்தில் அந்த ஒரு செலவுதான். அடுத்த மாதம் அந்தமான் போகிற நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது வாங்கலாமா?" என்றான்.

கம்பி வைத்த கூடார மாடல், டபுள் காட் சைஸ். பையிலிருந்து எடுத்து உதறினால் தானே எழுந்து நிற்கும். அடியிலும் வலை இருப்பதால் மெத்தைக்குள் சொருகும் வேலை இல்லை. மலேசியாவில் பினாங்குக்குப் போனபோது எங்கள் அறை ஜன்னல் சரியாகச் சாத்தாது. நாலு ராத்திரியும் ஒரு கடி கிடையாது.

மடிப்பதுதான் எமன். கம்பியை எட்டு மாதிரி முறுக்கி, வளையத்தின்மேல் வளையமாக விழவைக்க வேண்டுமாம். நான் முறுக்கினால் மூஞ்சியில் அடிக்கிறது. கீழே ஏர்போர்ட் டாக்ஸி ஹார்ன் அடிக்க, என் மனைவி பிடுங்கி ஒரே திருகில் பைக்குள் போட்டாள். இன்றுவரை அவள்தான் மடிக்கிறாள். அவள் ஆரணிக்குப் போனால் வலை ஹாலிலேயே நிற்கும், உள்ளே பூனை தூங்கும்.

இன்னொரு கோபம், அதற்கு வலை பொறுப்பில்லைதான். மலேரியா கொசு ராத்திரி கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகல் கொசு, காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் மும்முரம். ராத்திரி வலைக்குள் ராஜாவாகத் தூங்கிவிட்டு, காலையில் வராண்டாவில் அரை டவுசரோடு காபி குடித்தேன். ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் காய்ச்சல். டெங்கு. பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர்.

வேலூர்க்காரனுக்குக் கொசு என்ன புதுசா என்று கிளம்பியவன் நான். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரியவந்ததே 1955ல், நம் வட ஆற்காட்டில்தான் என்று படுக்கையில் கிடந்தபோது படித்தேன்.

இப்போது பகலில் முழுக்கைச் சட்டை, டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த க்ரீம். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் இது. டீட் பிளாஸ்டிக்கை இளக்கும். என் கண்ணாடி ஃப்ரேம் பிசுபிசுத்துப் போனது அப்படித்தான்.

நண்பனிடம் "வாங்காதே" என்றேன்.

"சரி, உன்னோடதைக் குடு. பத்தே நாள்."

"அது முடியாது. அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது."