அடைமழைக்கு முன் நாய், பூனைக்கு என்ன வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

இலையுதிர் காலம் என்று நமக்குத் தனியாக ஒன்று கிடையாது. குளிர் நாடுகளில் அது வரும் மாதங்களில் நமக்கு வருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அடைமழை, தீபாவளி வெடி, கார்த்திகை ஈரம் என்று அடுத்தடுத்து வரும் இந்த நாட்கள்தான் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டிலேயே சிரமமானவை. பெட் ஷாப்களிலும் ஆன்லைன் கடைகளிலும் இதே நேரத்தில் மழைக்கோட்டு, காலணி, உண்ணிக் கழுத்துப்பட்டை, பவுடர், படுக்கை என்று குவிந்துவிடும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. உண்ணி மருந்துக்கும், உலர்ந்த படுக்கைக்கும், எலிக்காய்ச்சல் தடுப்பூசிக்கும் முதலில் காசை ஒதுக்குங்கள். மீதி இருந்தால் மற்றவை.

உண்ணி மருந்துகள்

நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் காண்பது பழுப்பு நாய் உண்ணி. இதன் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால்தான் எந்த மருந்து எதற்கு என்று தெரியும். குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் அது நாய் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சுவர் விரிசலில், கதவு நிலைக்குப் பின்னால், கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகளில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதாவது நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டு 'சரியாகவில்லையே' என்று நிறுத்துபவர்கள் தோற்பது இதனால்தான். வீட்டில் பொரித்ததெல்லாம் நாய் மேல் ஏறி, மருந்து பட்டுச் சாக மூன்று நான்கு மாதமாவது இடைவிடாமல் தொடர வேண்டும். புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

நாய்க்கு, இன்று கிடைப்பவற்றில் எங்கள் முதல் தேர்வு மென்று தின்னும் மாத்திரைதான். நெக்ஸ்கார்டு (அஃபாக்ஸோலனர்), சிம்பாரிகா (சரோலனர்) இரண்டும் மாதம் ஒன்று. பிராவெக்டோ (ஃப்ளூரலனர்) 12 வாரத்துக்கு ஒன்று. மழையில் நனைந்தாலும், குளிப்பாட்டினாலும் பலன் குறையாது என்பதுதான் மழைக்காலத்தில் இவற்றை முன்னால் நிறுத்துகிறது. பிராவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து முழுதாக உடலில் சேராது. நாயின் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். நெக்ஸ்கார்டு 2 முதல் 4 கிலோ, 4 முதல் 10, 10 முதல் 25, 25 முதல் 50 என்று நான்கு அளவில் வருகிறது. காசை மிச்சம் பிடிக்கப் பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு நாய்க்குப் பங்கு வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டு துண்டிலும் மருந்து சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

குறைகளும் உண்டு. உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். ஆகவே மாத்திரை போட்ட பிறகும் நாய் மேல் உண்ணி தென்படும். மருந்து போலி என்று அவசரப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் உதிர்ந்துவிடும். இன்னொன்று முக்கியமானது. இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரவழைக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் வாங்காதீர்கள்.

அடுத்தது பிடரியில் விடும் சொட்டு மருந்து. ஃப்ரண்ட்லைன் ப்ளஸ் போன்றவற்றில் ஃபிப்ரோனிலும், தெள்ளுப்பூச்சி முட்டையை ஒடுக்கும் மெத்தோப்ரீனும் இருக்கும். 10 கிலோ வரை 0.67 மி.லி., 10 முதல் 20 கிலோவுக்கு 1.34, 20 முதல் 40 கிலோவுக்கு 2.68. மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் பரவித்தான் வேலை செய்யும். ஆகவே போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். முடி மேல் ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். தினமும் மழையில் நனையும் நாய்க்கு இதைவிட மாத்திரை மேல்.

ஃபிப்ரோனில் ஸ்ப்ரே நல்ல மருந்து, ஆனால் யாரும் சரியான அளவில் அடிப்பதில்லை. கிலோவுக்கு 3 முதல் 6 மி.லி. வேண்டும். 100 மி.லி. பாட்டிலில் ஓர் அமுக்குக்கு அரை மி.லி. வரும். 20 கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் குறைந்தது 120 அமுக்கு, பாட்டிலில் பாதிக்கு மேல் போய்விடும். பத்து அமுக்கு அடித்தால் உண்ணிக்கு ஒன்றும் ஆகாது. சின்னக் குட்டிகளுக்கு இது பொருந்தும், பெரிய நாய்க்குக் கட்டாது. வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் பக்கமே போகாதீர்கள், அதற்கு நஞ்சு.

விலை குறைவு என்று பலரும் நாடுவது 12.5 சதவீத அமிட்ராஸ் கரைசல். லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கலந்தால் 0.025 சதவீதம் வரும். உடம்பு முழுக்க நனைத்து, அலசாமல் காயவிட வேண்டும். சிக்கல் இங்கேதான். அடைமழை நாளில் எங்கே காயும்? ஈர உடம்பை நாய் நக்கினால் மயக்கம், வாந்தி, நாடித்துடிப்புக் குறைவு எல்லாம் வரும். நீரிழிவு நாய்க்கு ஆகாது, பூனைக்குக் கூடவே கூடாது. கலந்த கரைசலை அன்றே கொட்டிவிட வேண்டும். வெயில் மாதங்களுக்கு வேண்டுமானால் சரி. ஐப்பசிக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பூனை வைத்திருப்பவர்கள் ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: பெர்மெத்ரின். நாய்க்கான சொட்டு மருந்து, பவுடர், ஷாம்பு பலவற்றில் இது இருக்கும். நாய் தாங்கும். பூனையின் ஈரலால் இதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு வரும். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பூனையும் நாயும் ஒன்றாகப் படுத்துறங்கும் வீட்டில் நாய்க்கும் பெர்மெத்ரின் வேண்டாம். பூனைக்கென்றே வரும் 0.5 மி.லி. ஃபிப்ரோனில் சொட்டு எட்டு வாரம் தாண்டிய குட்டிக்குப் போடலாம். அதற்கும் சின்னது என்றால் நெருக்கமான பல் உள்ள தெள்ளுச் சீப்பும், சோப்பு நீர் நிறைத்த கிண்ணமும் போதும்.

மருந்தோடு ஒரு சாமணமும் வாங்கி வையுங்கள். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் உள்ள டப்பாவில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். சுவர் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைப்பது எந்த ஸ்ப்ரேயையும்விட நீண்ட நாள் பலன் தரும். நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ரத்தப் பரிசோதனை தேவை.

படுக்கை, துவட்டல், தோல்

பஞ்சு மெத்தை இந்த மாதங்களுக்கு ஆகாது. ஒரு முறை நனைந்தால் உள்ளே காய நாலைந்து நாள் ஆகும், அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். இரும்புச் சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டிய உயரக் கட்டில்தான் சிறந்தது. தரையிலிருந்து அரை அடியாவது உயரம் இருக்கட்டும். அடியில் காற்று போகும், தரை ஈரம் ஏறாது, துடைத்தால் ஐந்து நிமிடத்தில் காயும். வாங்கும்போது நாய் நீட்டிப் படுக்கும் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாகப் பாருங்கள். முதலில் கிழிவது மூலைத் தையல்தான். அங்கே இரட்டைத் தையல் இருக்கிறதா, வலைத்துணி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கயிற்றுக் கட்டில் இதே வேலையைச் செய்யும், ஆனால் முடிச்செல்லாம் உண்ணிக்கு வீடு. கையில் காசில்லை என்றால் இரண்டு செங்கல் மேல் பலகை வைத்து, தினம் மாற்றக்கூடிய காட்டன் துணி விரித்தால் போதும்.

துவட்டுவதற்கு மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வேண்டும், ஒன்று காயும்போது இன்னொன்று. விரலிடுக்கு, அக்குள், காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில் இவற்றைத்தான் விட்டுவிடுவோம். புண் வருவதும் அங்கேதான். ஹேர் டிரையர் குளிர்ந்த காற்றிலோ மிதமான சூட்டிலோ இருக்கட்டும். விரலிடுக்கில் டால்கம் பவுடர் போடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து மாவாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசுவது வழக்கம்தான், ஆனால் எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். புளித்த வாடை, சிவப்பு, ஓயாமல் பாதம் நக்குதல் என்றால் பூஞ்சைத் தொற்று. குளோர்ஹெக்ஸிடின் 2 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம் இரண்டும் சேர்ந்த ஷாம்பு இதற்கு நன்றாகக் கேட்கும். நுரை தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை. தேய்த்தவுடன் அலசிவிட்டால் வாசனை ஷாம்புக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

மழைக்கோட்டு பக், ஷிட்சு போன்ற சின்ன நாய்க்குப் பயன்படும். வயிற்றையும் மூடும் வகையாக, கழுத்தடி முதல் வால் தொடக்கம் வரை அளந்து வாங்குங்கள். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும், உள்ளே வேர்க்கும். லாப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் தேவையே இல்லை. ரப்பர் காலணி எந்த நாய்க்கும் வேண்டாம்.

எலிக்காய்ச்சல் தடுப்பூசி

எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவுவது இந்த நோய், மனிதருக்கும் தொற்றும். முதல் முறை என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. பலன் பிடிக்க நாளாகும் என்பதால் மழை இறங்கிய பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை. நாயின் தடுப்பூசி அட்டையில் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சலைக் குறிக்கும் 'எல்' (L) என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். எல்லாக் கூட்டு ஊசியிலும் இது இருக்காது. அரசு கால்நடை மருந்தகங்களில் எது இருப்பில் உள்ளது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளி

தமிழ்நாட்டில் 2018 முதல் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஊர் அதோடு நிற்காது என்றாலும் உங்கள் கால அட்டவணைக்கு இதை அடிப்படையாக வைக்கலாம். விடிவதற்கு முன் ஐந்து மணிக்கும், மாலை ஐந்துக்குள்ளும் வெளியே கூட்டிப் போய் வாருங்கள், கயிறு கட்டாமல் ஒரு நொடியும் வேண்டாம். தெருப்பக்க ஜன்னல் இல்லாத உள் அறை, மின்விசிறி முழு வேகத்தில், பழகிய துணி, தண்ணீர்: இவ்வளவும் இலவசம், விற்கும் பொருட்களைவிடப் பலன் அதிகம்.

உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை சில நாய்களை அமைதிப்படுத்தும், எல்லாவற்றையும் அல்ல. ஒரு வாரம் முன்பே அமைதியான நேரத்தில் போட்டுப் பழக்காவிட்டால், அதைப் போட்டாலே வெடி வரும் என்று நாய் கற்றுக்கொள்ளும். விலங்கை அமைதிப்படுத்தும் வாசனைப் பொருளான ஃபெரோமோனைப் பரப்பும், பிளக்கில் செருகும் ஆவியூட்டி (நாய்க்கு அடாப்டில், பூனைக்கு ஃபெலிவே) ஒரு குப்பி சுமார் 30 நாள் வரும். இரண்டு மூன்று நாள் முன்பே போட்டுவிடுங்கள், அலமாரிக்குப் பின்னால் செருகினால் வீண். கடுமையாக நடுங்கும் நாய்க்கு மருத்துவர் தரும் காபாபென்டின், ட்ராசோடோன் போன்றவை உண்மையில் உதவும். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால் பத்து நாள் முன்பே போய்க் கேளுங்கள். ஏசிபுரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் அப்படியே இருக்கும், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பூனை ஒளிந்துகொள்வதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம். பயணக் கூடையைத் திறந்து, உள்ளே பழைய துணி போட்டு, ஒரு வாரம் முன்பிருந்தே மூலையில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள இடுக்கை அடைத்துவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் பொறித்த தகடு மாட்டுங்கள். பூனைப் பட்டை இழுத்தால் தானாக அவிழும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பியில் மாட்டித் தொங்கிவிடும். மறுநாள் காலை வாசலில் கிடக்கும் மத்தாப்புக் கம்பிகளைப் பெருக்கிய பிறகே நாயை இறக்குங்கள். லட்டு, கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒன்றிரண்டு தானே என்று போட்டுவிடாதீர்கள்.

இன்னும் சில

பத்து கிலோ உணவுப் பையை இந்த மாதங்களில் வாங்காதீர்கள். திறந்த ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே போதும். பையோடு அப்படியே இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். பையைக் கிழித்து டப்பாவில் கொட்டினால் அடியில் தங்கும் பழைய கொழுப்பு புதிய உணவையும் காறச் செய்யும். சாக்கைத் திறந்து வைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் சில்லறை உணவு மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம், பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

மழை வாடைக்கு ஃபினைல் ஊற்றித் துடைக்கும் வழக்கம் பூனை வீட்டில் ஆபத்து. நடந்த பாதத்தை நக்கியே நஞ்சை உட்கொள்ளும். சோப்புத் தூள் கரைத்துத் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். அந்துருண்டையும் அலமாரிக்குள்ளேயே, கதவு பூட்டியபடி இருக்கட்டும். கார்த்திகையில் தோட்டத்தில் செங்காந்தள் பூக்கும். அதன் கிழங்கைத் தோண்டிக் கடிக்கும் நாயைக் காப்பாற்றுவது கடினம், அந்தக் கொடியைச் சுற்றி வலை கட்டுங்கள். அகல் விளக்குகளைத் தரையில் வைக்காமல் பூனையின் வால் எட்டாத திண்ணைச் சுவர் மேல் வரிசையாக ஏற்றலாம்.