ஸ்பானிய நிகழ்காலம்: அட்டவணையா, வாக்கியமா?

குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ கப்பல் வேலைக்குச் செல்ல எண்ணி ஸ்பானியம் படிக்கத் தொடங்குபவர், நிகழ்கால வினைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்வதா, முழு வாக்கியங்களாகப் பழகுவதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அட்டவணை தமிழருக்கு எளிது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்பதுபோல ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ் என விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால், எழுவாயைச் சொல்லாமலே விடலாம். ஆர், ஏர், ஈர் என முடியும் மூவகை வினைகளில் ஒழுங்கானவை எல்லாம் இவ்வழியில் விரைவாகக் கைவரும்.

ஆனால், அன்றாடம் மிகுதியாகப் புழங்கும் வினைகள் பலவும் அந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. 'என்னால் முடியும்' என்பதற்கு ப்வேதோ என்றும், 'நம்மால் முடியும்' என்பதற்கு போதேமோஸ் என்றும் அடிச்சொல்லே மாறுகிறது. சொந்த ஊரைச் சொல்ல 'சோய் தே நாகர்கோவில்' என்றும், இப்போது அங்கே இருப்பதைச் சொல்ல 'எஸ்தோய் என் நாகர்கோவில்' என்றும் வெவ்வேறு வினைகள் வருகின்றன. இந்த வேறுபாட்டை வாக்கியமே உணர்த்தும், அட்டவணை உணர்த்தாது.

ஆகவே ஒழுங்கான வினைகளுக்கு மட்டும் அட்டவணையை வைத்துக்கொண்டு, மற்றவற்றை வாய்விட்டுச் சொல்லும் வாக்கியங்களாகப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். விளவங்கோடு வட்டாரத்தில் மலையாளத்திலேயே படித்து வளர்ந்தவர்கள், ஆளுக்கேற்ப வினை மாறாத மொழியில் பழகியவர்கள் என்பதால், அட்டவணையோடு இன்னும் சற்றுக் கூடுதல் காலம் செலவிடுவது நல்லது.